தீவு பார்க்கப் படகு பேசுகிறீர்களா?

பழனிக்குப் போக வேன் பேசுகிறோம். எத்தனை பேர், எத்தனை நாள், டீசல் யார் கணக்கு, டிரைவர் படி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்போம். டயரைக்கூடக் குனிந்து பார்ப்பவர்கள் உண்டு. அதே குடும்பம் வெளிநாட்டுக் கடலில் படகு பேசும்போது மட்டும் ஏனோ வாயைத் திறப்பதில்லை. விளம்பரத்தில் பச்சைத் தண்ணீரையும் வெள்ளை மணலையும் பார்த்தவுடன், "எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம்.

"சித்த வைத்தியருக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. தீவுச் சுற்றுலா போய்வந்த கையோடு வைத்தியம் பார்க்க வருபவர்கள் இப்போது அதிகம். ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்கு நீர்க்கடுப்பு, ஒருவருக்குக் காலில் ஆறாத புண். விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் தவறான படகு, தவறான இருக்கை, தவறான வேளை இவற்றில் ஒன்றில் போய் நிற்கும். ஆகவே, படகு பேசுவதும் ஆரோக்கிய விஷயம்தான்.

நம்மவர்கள் நிறையப் பேர் போகிற இடம் தாய்லாந்தின் மேற்குக் கரை. புக்கெட், பங்ஙா, கிராபி என்று அடுத்தடுத்து இருக்கும் மூன்று மாகாணங்களையும் அவற்றைச் சுற்றிய தீவுகளையும் வைத்தே சொல்கிறேன். வேறு வெப்பக் கடல்களுக்குப் போனாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

கூட்டப் படகா, தனிப் படகா?

முப்பது நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் கூட்டப் படகில் டிக்கெட் மலிவு. ஆனால் அது பறக்கும். ஒரே நாளில் நாலைந்து தீவு, ஒவ்வொன்றிலும் அரைமணி, முக்கால் மணி. பாட்டிக்கு மயக்கம் வந்தாலும் குழந்தை வாந்தி எடுத்தாலும் அட்டவணை மாறாது. பெரியவர்கள், சிறு பிள்ளைகள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து தனிப் படகு பேசுவதே நல்லது. நமக்குச் சௌகரியமான நேரத்தில் கிளம்பலாம். முடியவில்லை என்றால், "போதும், திரும்புங்க" என்று சொல்லலாம். அந்த உரிமைக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம் என்பதை மறக்காதீர்கள்.

தனிப் படகில் மூன்று வகை உண்டு.

முதலாவது, நீண்ட வால் படகு. மரத்தால் ஆனது. பின்னால் ஒரு எஞ்சினும், அதிலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டும், தண்டின் நுனியில் சுழலும் விசிறியும் இருக்கும். கரைக்குப் பக்கத்துத் தீவுகளுக்கு அரைநாள் போய்வர ஏற்றது. சத்தம் அதிகம். அந்த விசிறிக்கு மூடி கிடையாது. தண்ணீரில் நின்றபடி ஏறுவதும் இறங்குவதும் படகின் முன்பக்கமாக, எஞ்சின் நின்ற பிறகுதான். பிள்ளைகளுக்கு இதைக் கரையிலேயே கண்டித்துச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, வேகப் படகு. தூரத்துத் தீவுகளுக்குச் சீக்கிரம் போகலாம். உடம்பைக் குலுக்குவதும் இதுதான்.

மூன்றாவது, பாய்மரப் படகு. அதிலும் இரட்டை அடிப்பாகம் கொண்ட கட்டமரான் வகை அதிகம் சாயாது. தூங்கும் அறை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் இருக்கும். கேப்டனோடு சேர்த்து ஒரு நாளைக்கோ பல நாளைக்கோ பேசலாம். வாடகை அதிகம்தான். முதியவர்களோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. "கேப்டன் வேண்டாம், நாமே ஓட்டிக்கலாம்" என்ற ஆசை, பாய்மரம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

காற்றைக் கேட்டு நாளைக் குறியுங்கள்

பங்ஙா மாகாணத்துத் தகுவா பா என்ற ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவனிநாரணம் என்ற குளத்தையும், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் அது குறிப்பிடுகிறது. நம்மவர்கள் இந்தக் கரைக்கு இன்று நேற்றுப் போனவர்கள் அல்லர். ஆனால், அந்தக் காலத்துக் கடலோடிகள் பருவக்காற்றைப் பார்த்துக் கிளம்பி, பருவக்காற்றைப் பார்த்துத் திரும்பினார்கள். நாமோ பள்ளிக்கூட லீவைப் பார்த்துக் கிளம்புகிறோம்.

இந்தக் கரையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. நம் கோடை விடுமுறையின் பின்பாதி அதில் போய் மாட்டிக்கொள்கிறது. ஆழ்கடலில் இருக்கும் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசே மூடிவைக்கிறது. லீவு அந்த மாதங்களில்தான் கிடைக்கிறது என்றால் பங்ஙா விரிகுடாவோடு நின்றுகொள்ளுங்கள். புக்கெட் தீவு அதற்கு ஒரு மதில் மாதிரி மேற்கே நின்று அலையைத் தடுக்கிறது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், நடுவே வானம் தெரியும் குகைகள், கம்பங்களின் மேல் வீடு கட்டி வாழும் பன்யீ கிராமத்து மீனவர்கள் என்று அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது.

அந்தக் குகைகளுக்குள் சிறு தோணியில் போவது கடலின் ஏற்ற வற்றத்தைப் பொறுத்தது. தண்ணீர் ஏறிவிட்டால் வாசல் மூடிக்கொள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் அதிகம். எனவே, "காலையில் குகை, மதியம் கிராமம்" என்று நீங்கள் போட்ட திட்டத்தைக் கேப்டன் தலைகீழாக மாற்றினால் சண்டை போடாதீர்கள். அவர் கடலின் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

காற்றை மதிக்காவிட்டால் என்ன ஆகும்? 2018 ஜூலை 5ஆம் தேதி, ஒரு சுற்றுலாப் படகு தீவு பார்த்துவிட்டுப் புக்கெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மோசமான வானிலை என்று எச்சரிக்கை இருந்த நேரம். பேரலையில் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். எல்லோரும் சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

பந்திக்கு முந்தலாம், படகுக்கு முந்தக்கூடாது

வேகப் படகில் ஏறியதும் காற்று வாங்க முன்பகுதிக்கு ஓடுவோம். அங்கேதான் ஆபத்து. படகு அலைமேல் எழும்பி "தொம்"மென்று விழும்போது முன்பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். உட்கார்ந்த நிலையில் அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். ஒரே ஒரு அடியில் முதுகெலும்பின் ஒரு கண்ணி நசுங்கிவிடலாம்.

என்னிடம் வந்த 58 வயது அம்மா ஒருவர், "சுளுக்குதான் டாக்டர், ஒரு தைலம் குடுங்க, போதும்" என்றார். பதினைந்து நாளாக வலி. இருமினால் உயிர் போகிறது என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், வேகப் படகின் முன்வரிசை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு எலும்பு ஆப்பு வடிவத்தில் நசுங்கியிருந்தது. அதற்குத் தைலம் போட்டுத் தேய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களும், முதுகுத் தொந்தரவு உள்ளவர்களும் பின்பக்கத்தில், நடுவாக உட்காருங்கள். கர்ப்பிணிகளுக்கு வேகப் படகே வேண்டாம். அலை அதிகமானால், "மெதுவா போங்க" என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தனிப் படகு பேசியது அதற்குத்தானே!

தலைசுற்றலும் வாந்தியும்

கண் பார்ப்பது ஒன்று, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வது வேறொன்று. இரண்டும் முரண்படும்போது மூளை குழம்பி வாந்தி வருகிறது. சித்த மருத்துவ முறையில் இதைப் பித்தம் மிகுந்த நிலை என்போம். இதற்கு முதல் மருந்து இடமும் பார்வையும்தான். படகின் நடுவில், ஆட்டம் குறைந்த இடத்தில் உட்கார்ந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். செல்போனைப் பார்க்காதீர்கள். கீழறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். டீசல் புகை வரும் பக்கம் வேண்டாம்.

சுக்கை மேல்தோல் சீவி இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். "இஞ்சிக்குப் புறநஞ்சு" என்று பெரியவர்கள் சொன்னதை நினைவில் வையுங்கள். அந்தப் பொடியில் கால் டீஸ்பூன் எடுத்துப் பனைவெல்லத்தோடு, கிளம்புவதற்கு அரைமணி முன்பு சாப்பிடலாம். சர்க்கரை நோயாளிகள் வெறும் வெந்நீரில் கலந்து குடிக்கலாம். பேருந்து நிலையத்தில் வாங்கும் இஞ்சி முரப்பாவும், ஏலக்காயும், உப்பில் ஊறிய நார்த்தங்காயும் கைப்பையில் இருக்கட்டும். குடற்புண் உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சுக்கை மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பார்கள். ஆனால் கொந்தளிக்கும் கடலில் அதற்கும் எல்லை உண்டு. பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் பயண வாந்தி மாத்திரையை மருத்துவர் ஆலோசனையோடு வாங்கி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அது தூக்கத்தைத் தரும். கண்நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

அடக்கக் கூடாதது

மனிதன் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சித்த நூல்கள் சொல்கின்றன. சிறுநீர் அதில் ஒன்று. படகில் நம் பெண்கள் அடக்குவது அதைத்தான். கழிப்பறை இருக்காது என்று பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். வெயில், உப்புக் காற்று, வியர்வை, போதாததற்கு நனைந்த உடை. மறுநாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல்!

ஆகவே கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள்: "படகுல பாத்ரூம் இருக்கா?" இல்லை என்றால், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வசதியுள்ள தீவில் நிறுத்தச் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். பிறகு தைரியமாகத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அளவுக்கு வேறு கணக்கு வேண்டாம்.

வெயிலும் சாப்பாடும்

கடலில் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. காற்று குளுகுளுவென்று வீசுவதால் சுடுவது தெரியாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, கழுத்தை மறைக்கும் தொப்பி, கண்ணாடி மூன்றும் அவசியம். பதினொன்று முதல் மூன்று மணி வரை கூரை நிழலில் இருங்கள். இன்னொரு சங்கதி: பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன் உட்பட நான்கு வேதிப்பொருட்கள் கலந்த வெயில் கிரீம்களைத் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் 2021 ஆகஸ்டில் தடை செய்தார்கள். தீவுகளில் பல இந்தப் பூங்காக்களுக்குள் வருபவை. துணியால் மூடுவதே உங்கள் தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது.

முதல்நாள் இரவு எண்ணெய்ப் பலகாரமும் மதுவும் வேண்டாம். காலையில் வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி அளவுக்கு ஏதாவது லேசாக. நடுவே உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சம்பழச் சாறு, இளநீர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்கவும், அதில் பொட்டாசியம் அதிகம்.

சைவக் குடும்பத்தினர் கவனிக்க: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறும் இறால் விழுதும் சேர்ப்பது அங்கே வழக்கம். "ஜே" என்று கேட்டால் மீன், முட்டை, பால் எதுவும் சேராத உணவு என்று புரிந்துகொள்வார்கள். படகில் மதியச் சாப்பாடு உண்டு என்றால், முதல் நாளே சொல்லிவையுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு முகத்தைக் கவிழ்த்துப் பவளம் பார்ப்பது எளிதாகத் தெரியும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது நல்ல உழைப்பு. உயிர்காப்பு அங்கியோடு, இடுப்பளவுத் தண்ணீரில் பழகிய பிறகு, துணையோடு மட்டும். சிலிண்டர் மாட்டி ஆழத்தில் இறங்கினால், அதற்குப் பிறகு ஒரு முழுநாள் கழித்தே விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் கரைந்த வாயு குமிழ்விட்டு, மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். கடைசி நாள் ஆழத்தில் இறங்கும் திட்டம் வேண்டவே வேண்டாம்.

சொறிமீன்கள், அதாவது ஜெல்லி மீன்கள், அங்கே உண்டு. பெட்டி வடிவத்தில் இருக்கும் ஒரு வகை உயிரைக் குடிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள். பிறகுதான் ஒட்டியிருக்கும் இழைகளை எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

நம் கடற்கரை மணலில் ஊதாப்பூவோடு படரும் அடும்பங்கொடி அங்கேயும் படர்ந்திருக்கும். தாய்லாந்துக்காரர்கள் அதைக் கடல் வள்ளைக்கீரை என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். சொறிமீன் கடிக்கு அதன் இலையை அரைத்துப் பூசும் நாட்டு வைத்தியம் அவர்களிடமும் உண்டு. மூலிகை வைத்தியன் நானே சொல்கிறேன், அவசரத்தில் இலை தேடி அலையாதீர்கள். முதலில் வினிகர்.

பவளம் கீறிய புண் சின்னதாகத்தான் இருக்கும். குடிதண்ணீரால் நன்றாகக் கழுவி, உள்ளே இருக்கும் துகளை எடுத்து, கிருமிநாசினி போடுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள் எதையும் அப்ப வேண்டாம். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்குக் கடல்நீரில் உள்ள கிருமிகள் சில மணி நேரத்தில் புண்ணைப் பெரிதாக்கிவிடும். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீரில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மாத்திரைகளை இரண்டு பையாகப் பிரித்து வையுங்கள். ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும். இன்சுலினைப் பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காமல், துணி சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கவும். நீந்தினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வாயில் போட ஏதாவது இனிப்பு கைவசம் வேண்டும். சித்த மருந்து சாப்பிடுபவர்கள் சூரணத்தைக் காகிதப் பொட்டலமாக எடுத்துப் போகாமல், லேபிள் ஒட்டிய டப்பாவிலேயே மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள். சுங்க அதிகாரிக்குப் பொடியைப் பார்த்தால் திரிகடுகம் என்று எப்படித் தெரியும்?

முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்

* கேப்டனுக்கு உரிமம் உண்டா? படகில் அதிகபட்சம் எத்தனை பேர்?
* உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா? குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவு, கால் இடையில் பட்டையோடு உண்டா? ஏறும் முன்பே போட்டுப் பாருங்கள்.
* கூரை நிழல், கழிப்பறை, வானொலித் தொடர்பு, வினிகர் உள்ள முதலுதவிப் பெட்டி இருக்கின்றனவா?
* எரிபொருள், பூங்காக் கட்டணம், சாப்பாடு, காப்பீடு இவற்றில் எதெல்லாம் வாடகையில் சேர்ந்தது?
* வானிலை சரியில்லை என்றால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் கிடைக்குமா? இதை எழுதி வாங்குங்கள்.
* தாய்லாந்தில் மருத்துவ அவசரத்துக்கு 1669, சுற்றுலாப் போலீஸுக்கு 1155. செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இவற்றில் ஐந்தாவது கேள்விதான் உயிரைக் காப்பாற்றுவது. "பணம் திரும்பாது" என்ற நிபந்தனையில் பேசிய படகில், காற்று வீசினாலும் கிளம்பத்தான் நமக்கு மனசு வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டு, குடுத்த காசை விட முடியுமா?" என்று கேப்டனை நச்சரிப்போம். அவரும் வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாதே என்று கயிற்றை அவிழ்ப்பார். முன்பணம் தந்த அழுத்தத்தில் கடலில் இறங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது போலத்தான்.

எனவே, பயணத் திட்டத்தில் ஒரு நாளை வேலையில்லாமல் சும்மா விட்டுவையுங்கள். ஐந்து நாள் தங்கினால் படகுக்கு முதல் நாளையோ கடைசி நாளையோ குறிக்காமல், நடுவில் குறியுங்கள். காலையில் கேப்டன் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்றால், அடுத்த நாள் கையில் இருக்கும். அப்படிச் சொல்லும் கேப்டன் கிடைத்தால் அவரையே அடுத்த முறையும் பேசுங்கள். அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து இளநீர் குடியுங்கள். தீவு எங்கேயும் ஓடிப்போகாது.